எல்லைக்கல்லில் திணறிய ஜீப்பு

என் வயதுக்காரிகளே, உங்களுக்கு இப்படி இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. திருப்பத்தூரில் பஸ் ஏறி மலைக்கு வரும்போது, ஒரு வளைவில் இன்ஜின் சத்தம் கொஞ்சம் இறங்கினால் போதும், நான் முந்தானையை இழுத்து முகத்தில் போட்டுக்கொள்வேன். எனக்கு வாந்தி வருகிறது என்று நினைத்துப் பக்கத்தில் இருப்பவர்கள் ஜன்னல் ஓரத்தை விட்டுக் கொடுப்பார்கள். ஒரு தடவை ஒரு பெண் எலுமிச்சம்பழம்கூடக் கொடுத்தாள். வாங்கி மோந்துகொண்டேன். வேறு என்ன சொல்வது? இந்த வண்டி நின்றுபோனால் நீங்கள் எல்லாரும் என்னைத்தான் திரும்பிப் பார்ப்பீர்கள், அதுதான் பயம் என்று சொன்னால் பைத்தியம் என்பார்கள். டிரைவர் கியர் மாற்றி வண்டி மறுபடி உறுமுகிற வரைக்கும் மூச்சு எனக்கு நெஞ்சிலேயே நிற்கும்.

பேரன் பேத்தி எடுத்த பிறகும் போகாத வெட்கம் இது. எனக்கு ஒரு கோடைக்காலத்தில் வந்தது. நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை.

எங்கள் ஊர் காவலூரைத் தாண்டி உள்ளே இருக்கிறது. அப்போது அங்கே பஸ் கிடையாது. புளியும் கடுக்காயும் கீழே போகவேண்டுமானால் கழுதை முதுகில், இல்லாவிட்டால் மனுஷன் தலையில். அம்மாவுக்கு ஒரு தம்பி, எனக்கு மாமா. அவர் பட்டாளத்தில் கழித்துவிட்ட ஜீப்பு ஒன்றை வாணியம்பாடியில் வாங்கி ஓட்டிக்கொண்டு வந்தார். ஊரே தெருவுக்கு வந்து பார்த்தது. ஒரு கிழவர் வண்டியின் முன்விளக்கைத் தொட்டு, "கண்ணு ரெண்டும் நல்லா கீது, பல்ல காட்டச் சொல்லு" என்று மாடு பிடிக்கிற மாதிரி கேட்டார்.

அந்த ஜீப்புக்குக் கதவு இல்லை. மேலே பச்சைத் துணிக் கூரை, அங்கங்கே கிழிந்து சாக்கு ஊசியால் தைத்தது. ஹாரன் அடிக்காது. வளைவு வந்தால் மாமா தலையை வெளியே நீட்டி, "ஏய், வழி, வழி" என்று கத்துவார். உள்ளே பெட்ரோல் வாசனையும் கடுக்காய்த் துவர்ப்பும் கலந்து அடிக்கும். வாணியம்பாடித் தோல் ஷெட்டுகளுக்குக் கடுக்காய் ஏற்றிப் போய் அந்தத் துவர்ப்பு வண்டிப் பலகையிலேயே ஊறிவிட்டது. எனக்கு அந்த வாசனை பிடிக்கும். வெட்கப்பட்டுக்கொண்டு யாருக்கும் தெரியாமல் பலகையில் மூக்கை வைத்து மோப்பேன்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. தம்பிக்குப் புதுசாக மாடு வந்தாலும், ஏர் வந்தாலும், வீட்டு நிலை வைத்தாலும், முதல் மஞ்சள் கூடப்பிறந்த அக்காள் கையால்தான் வைக்கவேண்டும். ஜீப்புக்கும் அம்மாதான் வைத்தாள். அப்புறம் வெள்ளிக்கிழமைதோறும் வைத்தாள். அம்மாவுக்குக் கைராசி என்று ஊரில் பேர். சாமை விதைக்க முதல் கை எடுத்துப் போடுவதற்கு அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். பெண்ணுக்கு நலங்கு என்றாலும் அம்மாதான் முதலில். போகிற வீட்டில் அம்மா மடியில் தானியம் அளந்து போடுவார்கள். என் நைனா குடகுப் பக்கம் காப்பித் தோட்ட வேலைக்குப் போனவர், பொங்கலுக்கு மட்டும் வருவார், சில பொங்கலுக்கு வரவும் மாட்டார். புருஷன் கூட இல்லாத பொம்பளையை ஊர் எப்படிப் பார்க்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அம்மாவை அப்படிப் பார்க்காமல் இருந்ததற்குக் காரணம் அந்தக் கைதான்.

ஜீப்பின் பக்கவாட்டில் பெட்ரோல் ஊற்றுகிற வாய். அதற்கு அதிரசம் அளவில் ஒரு தகர மூடி. "வண்டி சாப்புடுற வாய் இதானேடா" என்று அம்மா அந்த மூடிக்குத்தான் முதலில் மஞ்சள் வைப்பாள். ரோட்டுத் தூசியில் உதிரக் கூடாது என்று மஞ்சளை நல்லெண்ணெய் விட்டுக் குழைப்பாள். மூடி நிறையப் பூசி, நட்ட நடுவில் விரலை அழுத்திக் குங்குமம் வைப்பாள். மாமா பக்கத்தில் நின்று கும்பிடுவார். வண்டி கிளம்பும்.

பள்ளிக்கூடம் எங்கள் ஊரில் ஐந்து வரைக்கும்தான். ஒரே வாத்தியார். அவர் அம்மாவைக் கூப்பிட்டு, "இந்தப் பொண்ணு வாய் தொறக்கறதில்ல, ஆனா சிலேட்டுல தப்பு இல்லம்மா. திருப்பத்தூர்ல மலைப் புள்ளைங்களுக்கு ஹாஸ்டல் இருக்குது. ஆறாவதுக்கு அனுப்புங்க" என்றார். நான் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் எங்கள் ஊரில் கல்யாணம் ஆகாத பெண் எல்லைக்கல்லுக்குக் கீழே ராத்தங்கக் கூடாது. மலை ரோட்டில் ஒரு வளைவுக்கு மேலே மஞ்சள் பூசிய கல் இருக்கிறது. அதுதான் எல்லை, அதுதான் அம்மன். அதுவரை எங்கள் ஊரில் எந்தப் பெண்ணும் அந்தக் கல்லைத் தாண்டிப் படிக்கப் போனதில்லை. அம்மா ஊர் நாட்டாரிடம் போய் நின்றாள். நல்லது கெட்டது எல்லாம் அவர் சொன்னால்தான். அவர் ரொம்ப நேரம் வெற்றிலை மென்றார். கடைசியில், "காலம் மாறிப் போச்சு. ஆத்தா ஒத்துக்கினா போவட்டும். அவ தடுத்தா நான் ஒண்ணும் செய்ய முடியாது" என்றார்.

அம்மா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

ஹாஸ்டலில் பேர் பதிய மாமா எங்களைத் திருப்பத்தூருக்குக் கூட்டிப் போனார். வரும்போது எனக்கு ஒரு தகரப் பெட்டி வாங்கிக் கொடுத்தார். பச்சைப் பெயின்ட், மூடியில் ஒரு தாமரைப் பூ. அதை மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பின் பின்னால் உட்கார்ந்திருந்தேன். ஆலங்காயம் தாண்டி ஏற்றம் பிடித்தோம். சந்தைக்குப் போன புளிக்காரர் ஒருவரும் இன்னும் சில பேரும் ஏறியிருந்தார்கள். எல்லைக்கல்லுக்குக் கீழே அந்த வளைவு வந்தது. வண்டி இருமியது. உறுமல் இறங்கி இறங்கி, களைத்த மாடு மாதிரி ஆகி, நின்றே போனது.

"இன்னாடா ஆச்சு?" என்றார் புளிக்காரர்.

"இழுக்கலண்ணே. மெதிச்சா கால் உள்ள போவுது, வண்டி வர மாட்டேங்குது."

கனம் தாங்கவில்லை என்று எல்லாரையும் இறக்கினார் மாமா. சக்கரத்துக்குக் கல் வைத்தார்கள். அப்புறம் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்க மூடியைத் திறந்து ஒரு குச்சியை விட்டார். குச்சி முக்கால்வாசி நனைந்து வந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஸ்டார்ட் செய்தார், பிடித்துக்கொண்டது. எல்லாரும் ஏறினோம். நான் கடைசியாக, பெட்டியைத் தூக்கிக்கொண்டு.

புளிக்காரர் பெட்டியைப் பார்த்துச் சிரித்தார். "ஊர வுட்டு பொட்டியோட போறவ நீதானா? ஆத்தாளுக்கு உன் பொட்டி புடிக்கல போல."

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். அது வெறும் விளையாட்டுப் பேச்சு.

ஆனால் அடுத்த தடவை, ஹாஸ்டலுக்கு டாக்டர் சீட்டு வாங்கப் போய்த் திரும்பும்போது அதே வளைவில் வண்டி நின்றது. அப்போது யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தர் என்னைப் பார்த்தார், அப்புறம் ஒருத்தர். "அந்தப் பாப்பாவ மட்டும் எறக்கி வுட்டுப் பாரு" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மாமாவுக்குச் சங்கடமாக இருந்தது. "ஒரு நிமிசம் எறங்கி நில்லு கண்ணு" என்றார். இறங்கி ரோட்டோரம் பெட்ரோல் மூடிக்குப் பக்கத்தில் நின்றேன். மாமா வழக்கம்போலக் குச்சி விட்டுப் பார்த்தார். வண்டி ஸ்டார்ட் ஆனது.

அவ்வளவுதான். மாமா மூடியைத் திறந்ததை யாரும் கணக்கில் வைக்கவில்லை. நான் இறங்கியதைத்தான் எல்லாரும் பார்த்தார்கள்.

நான் ஏறாத நாட்களிலும் அந்த ஜீப்பு நின்றிருக்கிறது. அதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கெல்லாம் மூட்டை ஜாஸ்தி என்றார்கள், வெயில் என்றார்கள், பெட்ரோலில் தண்ணீர் கலந்துவிட்டான் என்றார்கள். நான் இருந்த நாளில் மட்டும் வேறு காரணம் தேடவில்லை.

ஊரில் பிள்ளைகள் என்னைக் கண்டால் வாயால் இன்ஜின் சத்தம் போட்டு, டுர்ர் என்று வந்து, என் எதிரே இருமி நின்றுபோவார்கள். எனக்குச் சிரிக்கவும் வராது, திட்டவும் வராது. தலையைக் குனிந்துகொண்டு போவேன். மாமாவின் பெண்சாதி, என் அத்தை, பொல்லாதவள் இல்லை. ஆனால் வண்டிதான் அவர்களுக்குச் சோறு. ஒரு நாள் அம்மாவிடம் சொன்னாள், "எங்க வூட்டு வண்டியில ஏறாதன்னு நான் சொல்வனா அண்ணி? நான் சொல்லல. வண்டிதான் சொல்லுது."

அம்மா அந்த வெள்ளிக்கிழமை மூடிக்கு இரண்டு மடங்கு மஞ்சள் பூசினாள். பழசைத் துடைக்காமல் அதன் மேலேயே பூசினாள். அம்மனுக்கு வைத்ததைத் துடைப்பார்களா?

வாணியம்பாடியில் மாமாவுக்குப் பழக்கமான மெக்கானிக் ஒரு பாய். எந்நேரமும் ஏதாவது வண்டிக்கு அடியில் படுத்திருப்பார், அவர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவர் பாதங்களைத்தான் எனக்குத் தெரியும். முதலில் கார்புரேட்டரைக் கழற்றி ஊதினார். குப்பை வந்தது. "தோ, இதான்" என்றார். வண்டி நின்றது. அடுத்த தடவை பிளக்கும் பாயிண்டும் மாற்றினார். நின்றது. அப்புறம் பெட்ரோல் பம்பைப் பிரித்து உள்ளே இருக்கிற ரப்பர்த் தோலை மாற்றினார். கடையில் இருக்கிறவரை வண்டி பாட்டுப் பாடும். ஆலங்காயம் வரைக்கும் பாடும். ஏற்றத்தில் பாதி போனால் திணறல். "இது வண்டி கோளாறு இல்ல தம்பி, என் மண்டை கோளாறு" என்று பாய் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாராம்.

பள்ளிக்கூடம் திறக்க நாள் நெருங்கியது. நாட்டார் மாமாவைக் கூப்பிட்டு விட்டார். கல்லுக்கு ஓர் ஆடு கொடுப்பது என்று பேச்சு. ஆடு வெட்டினார்கள். ரத்தத்தை நாலு சக்கரத்துக்கும் தொட்டு வைத்தார்கள். பிறகு நாட்டார் எல்லார் முன்னாலும் சொன்னார்: "ஆட்ட குடுத்தாச்சு. நாளைக்கி பொண்ண கீய இட்டுனு போய் மேல இட்டுனு வா. வண்டி ஏறுச்சுன்னா ஆத்தா சம்மதம். நின்னுச்சுன்னா அப்பால பேச்சே கெடையாது."

மறுநாள் காலையில் அம்மா அந்த மூடிக்கு வைத்த மஞ்சளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வண்டிக்கே கல்யாணம் மாதிரி. வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே அழுத்தி அழுத்திப் பூசினாள். வாணியம்பாடியில் மாமா, "அரைகுறை வேணாம், ரொம்ப ஊத்துப்பா, நெறஞ்ச வயித்தோட வரட்டும்" என்று பெட்ரோலை விளிம்புவரை ஊற்றச் சொன்னார். ஆளுக்கு ஆள் எனக்காக நல்லதுதான் செய்தார்கள்.

அன்றைக்கு ஜீப்பு வளைவுக்குக்கூட வரவில்லை. அதற்கு முன்னாலேயே திணறி நின்றது.

மேலே கல்லுப் பக்கத்தில் ஊர் காத்துக்கொண்டு நின்றது. வண்டிச் சத்தம் நின்றதும் அவர்களே இறங்கி வந்துவிட்டார்கள். நான் வண்டிக்குள்ளேயே இருந்தேன். வெளியே எத்தனையோ கால்கள் தெரிந்தன. முகம் ஒன்றையும் பார்க்கவில்லை. அம்மா என் கையைப் பிடித்து இறக்கினாள். பயத்தில் எனக்குப் பாவாடை நனைந்திருந்தது. அதையும் எல்லாரும் பார்த்தார்கள்.

மாமாவைக் கல்லுக்கு முன்னால் நிறுத்தி, உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றினார்கள். இந்தப் பெண்ணை இந்தக் கல்லைத் தாண்டி என் வண்டியில் ஏற்றவும் மாட்டேன், இறக்கவும் மாட்டேன், படிப்புக்கென்று மலையைவிட்டு அனுப்பவும் மாட்டேன் என்று சொல்லி, இன்னொரு கையால் அதை அடித்து அணைத்தார். எங்கள் ஊரில் கற்பூரம் அணைத்துச் சொன்னால் சொன்னதுதான். அணைக்கும்போது மாமா என்னைப் பார்க்கவில்லை.

இதற்குப் பிறகு மாமா கடுக்காய் ஏற்றிக்கொண்டு வாணியம்பாடி போனபோது பாயிடம் நடந்ததைச் சொல்லியிருக்கிறார். பாய் சிரிப்பார் என்று நினைத்தாராம். அவர் சிரிக்கவில்லை.

"அந்தப் பொண்ணு ஏறினா நிக்குதுன்னா அவள கூட்டினு வா தம்பி. நானும் கூட வர்றேன். நோயாளிய பாக்காம மருந்து குடுத்துக்கினு இருந்தேன் இத்தினி நாளா."

சத்தியம் கல்லைத் தாண்டுவதற்குத்தானே. அம்மாவும் நானும் கல்லு வரைக்கும் நடந்து போய், அதற்குக் கீழே ஜீப்பில் ஏறினோம். கீழே போகும்போது வண்டி எப்போதும் தொந்தரவு செய்ததில்லை. பாய் கடையில் என்னைப் பார்த்ததும், "இந்தக் கொழந்தையா அந்த இன்ஜின அமுக்குது?" என்று என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். "அரே, கோழி எடகூட இல்ல." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கோடையில் நான் சிரித்தது அப்போதுதான் என்று நினைக்கிறேன்.

பாய் மாமாவிடம் ஒன்று கேட்டார். "நிக்கிறப்பல்லாம் டேங்கு ரொம்பி இருந்துச்சா, கொறஞ்சி இருந்துச்சா?"

மாமா யோசித்தார். "ரொம்பிதான் இருந்துச்சு பாய். இன்னொண்ணு, ரொம்பினாத்தான் சீக்கிரமா நிக்குது. காலியானாத்தானே நிக்கணும்?"

பாய் விளிம்புவரை பெட்ரோல் ஊற்றச் சொன்னார். சந்தை ஆள் ஒருத்தரையும் ஏற்ற வேண்டாம் என்று, கனத்துக்கு உப்பு மூட்டைகளை ஏற்றினார். அவர் முன்னால் மாமா பக்கத்தில், அம்மாவும் நானும் பின்னால் உப்பு மூட்டை மேல். ஆலங்காயம் போனது. ஏற்றம் பிடித்தது. பாய் ஒரு காதை இன்ஜின் பக்கம் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டு வந்தார். அந்த வளைவில் வண்டி இருமியது, திணறியது, நின்றது.

நான் பழக்கத்தில் இறங்க எழுந்தேன்.

"யாரும் எறங்காதீங்க" என்றார் பாய். "பேட்டி, நீயும்தான். ஒக்காரு." மகளே என்பதை அவர் அப்படித்தான் சொல்வார்.

என்னை இறங்காதே என்று ஒருவர் சொன்னது அந்த ரோட்டில் அதுதான் முதல் தடவை. கண்ணில் தண்ணீர் முட்டியது, உப்பு மூட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பாய் பானெட்டைத் தூக்கி, கார்புரேட்டருக்குப் போகிற குழாயைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு, பம்பில் இருக்கிற சின்னக் கம்பியைக் கையால் மேலும் கீழும் அடித்தார். குழாயில் ஒரு சொட்டு வரவில்லை. "டேங்கு ரொம்பி கீது, தொண்ட காஞ்சி கீது" என்றார். மாமா குச்சியை எடுத்துக்கொண்டு மூடிப் பக்கம் போனார்.

"தொடாத! எப்பவும் இதான் செய்வியா?"

"ஆமா பாய். பெட்ரோல் கீதான்னு பாப்பேன்."

"மூடிய தெறக்கறப்ப எதனா சத்தம் வருமா?"

"சத்தமா? நான் கவனிக்கல."

எனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் என்னை இறக்கி நிறுத்திய இடம் அந்த மூடிக்குப் பக்கத்தில்தான். எல்லாரும் என்னைப் பார்க்க, நான் பார்ப்பதற்கு அந்த மூடி மட்டும்தான் இருந்தது. "பெருமூச்சு வுடும்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. பாய் திரும்பினார்.

"இன்னா சொன்ன பேட்டி?"

"உஸ்ஸுன்னு பெருமூச்சு வுடும்."

"வெளிய வுடுதா, உள்ள இழுக்குதா?"

"உள்ள."

பாய் மூடியை மெல்லத் திருகினார். உஸ்ஸ் என்று அது நீளமாக உள்ளே இழுத்தது. ஓடிப் போய்க் கம்பியை அடித்தார். குழாயிலிருந்து பெட்ரோல் பீய்ச்சி அவர் சட்டைக் கையை நனைத்தது. "யா அல்லா" என்று சிரித்தார்.

"தம்பி, பெட்ரோல் கொறைய கொறைய அந்த எடத்துக்கு டேங்குக்குள்ள காத்து போவணும். போவலன்னா உள்ளாரயே உறிஞ்சி புடிச்சுக்கும், பம்பு இழுத்தாலும் வராது. எளநி ஓட்டய வாயால அடச்சி உறிஞ்சிப் பாரு, கொஞ்ச நேரத்துல நின்னுடும், அந்த மாதிரி. ரொம்ப ஊத்தினா உள்ள காத்தே இல்ல, இன்னும் சீக்கிரம் நிக்கும். காத்து போறதுக்கு மூடியில ஒரு ஓட்ட இருக்கும்."

மூடியைத் திருப்பிப் பார்த்தார். மேல்பக்கம் பூரா மஞ்சள், எண்ணெயில் இறுகி, வெயிலில் காய்ந்து, வறண்ட ஏரி மண் மாதிரி வெடித்திருந்தது.

"அக்கா, ஒரு ஊக்கு குடுங்க."

அம்மா வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். பாய் அந்த ஊக்கால் சுரண்டினார். மஞ்சள், அதற்குக் கீழே சிவப்பு, அதற்குக் கீழே மறுபடி மஞ்சள். அடையடையாக விழுந்தது. நட்ட நடுவில், அம்மா விரலை அழுத்துகிற இடத்தில், கடுகு நுழையாத ஓட்டை ஒன்று தெரிந்தது. பாய் அதை வாயில் வைத்து ஊதி, வானத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"எனக்கே வெக்கமா கீது" என்றார். "எல்லாத்தயும் பிரிச்சேன். மூடிய ஒரு வாட்டி உத்துப் பாக்கல. ஒவ்வொரு வாட்டியும் நானே அத தெறந்து வெச்சுட்டு வேல பாத்திருக்கேன்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் தன் வலது கை விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நகக்கண்ணில் வெள்ளிக்கிழமை மஞ்சள் இருந்தது. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் என்று அப்போதே தோன்றியது. என் வாழ்க்கையில் நான் நாலு பேர் முன்னால் தைரியமாகப் பேசியது அந்த ஒரு தடவை. அது அம்மாவின் கையில் போய் நின்றது.

"நான் போய் நாட்டார்கிட்ட சொல்றேன்" என்றாள் அம்மா. "வண்டிய நிறுத்தினது என் கொழந்த இல்ல, நான்தான்னு சொல்றேன்."

மாமா ரோட்டைப் பார்த்தபடியே பேசினார். "சொல்லுக்கா. சொன்னா இன்னா ஆவும்? ஆத்தாளுக்கு வெச்ச மஞ்சள் வண்டிய நிறுத்திச்சுன்னு ஒருத்தன் நம்புவானா? உன் கை மஞ்சள்தான் நிறுத்திச்சும்பான். அதுக்கு அப்பால உன்ன எந்த வூட்டுல நலங்குக்குக் கூப்புடுவான்? எவன் வெதைக்கக் கூப்புடுவான்? உன் வூட்டுக்காரரும் ஊர்ல இல்ல. ஆடு வெட்டியாச்சு. நான் கல்பூரம் அணச்சாச்சு" என்றார்.

"அதுக்குன்னு கொழந்த தலைல பழிய வுட்டுடுவீங்களா?" என்றார் பாய்.

"அப்ப நீ வந்து சொல்லு பாய்."

பாய் மூடியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். "நான் வந்து உங்க சாமி மஞ்சள்தான் கோளாறுன்னு சொன்னா அது வேற பேச்சா ஆயிடும் தம்பி. உனக்கே தெரியும்" என்றார் கடைசியில். மூடியை மாட்டினார். என்னைப் பார்க்க அவருக்கும் முடியவில்லை.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தாளா, சொல்லக் கூடாது என்று பார்த்தாளா, தெரியவில்லை. நான் உப்பு மூட்டையைப் பார்த்தேன்.

வண்டி ஸ்டார்ட் ஆனது. நாங்கள் ஏறியிருக்கும்போதே, அவ்வளவு கனத்தோடு, அந்த வளைவை அது ஒரு தும்மல் இல்லாமல் ஏறியது. அப்படி ஏறி எல்லைக்கல்லுக்கு முன்னால் மாமா பிரேக் போட்டார். சத்தியம் இருக்கிறதே. அம்மாவும் நானும் இறங்கினோம். ஜீப்பு எங்களை விட்டுவிட்டு மேலே போனது, அடுத்த வளைவுக்கு அப்பாலும் அதன் சத்தம் இறங்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது. அம்மா கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஊர் வரைக்கும் நடந்தோம்.

தாமரைப் பூப் போட்ட பெட்டியில் அந்த வருஷம் அம்மா சாமை விதை போட்டு வைத்தாள். அதற்கு எலி போகாத பெட்டி வேண்டியிருந்தது. வாத்தியார் ஒரு தடவை வந்து கேட்டார், அப்புறம் வரவில்லை.

மாமாவைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. அக்காள் ஊரில் தலை நிமிர்ந்து இருக்கவேண்டும் என்று அவர் நினைத்தார். அம்மாவையும் சொல்லவில்லை. அந்தக் கை கெட்டது என்று ஆகியிருந்தால் நாங்கள் எதைச் சாப்பிட்டிருப்போம் என்று நான் குடும்பம் நடத்தின பிறகுதான் எனக்குப் புரிந்தது. புரிந்துவிட்டால் வெட்கம் போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை, அவ்வளவுதான்.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும். பள்ளிக்கூடம் திறந்த வாரத்து வெள்ளிக்கிழமை அது.

மஞ்சள் வைப்பதை நிறுத்தினால் ஊர் ஏன் என்று கேட்கும். அதனால் அம்மா அன்றைக்கும் போனாள். மஞ்சள் கிண்ணத்தை நான் ஏந்திக்கொண்டு பின்னால் போனேன். மாமா வீட்டு வாசலில் ஜீப்பு நின்றது. சந்தைக்குப் போகப் பெண்கள் கூடைகளோடு காத்திருந்தார்கள். அம்மா சக்கரத்துக்கு வைத்தாள், முன்னால் வைத்தாள், விளக்குகளுக்கு வைத்தாள்.

"வாய்க்கு வெக்கல?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா.

அம்மா மூடிப் பக்கம் வந்தாள். கிண்ணத்தில் விரலைத் தோய்த்தாள். அந்த விரல் நட்ட நடு ஓட்டைக்கு நேராக வந்து நின்றது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். நான் இல்லாமலே இன்றைக்கு இந்த வண்டி திணறினால் போதும், பழி என் மேலிருந்து போய்விடும். அம்மாவுக்கும் அது தெரியும், அவள் கண் ஒரு கணம் என் மேல் வந்து போனது. அப்புறம் விரல் விலகியது. மூடியின் ஓரமாகச் சுற்றி மெல்லிசாக ஒரு கோடு இழுத்தாள். நடுவைத் தொடவில்லை.

பெரியம்மா கூடையைத் தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டே சொன்னாள், "பொண்ண நிறுத்தினது நல்லதா போச்சு போ. இப்ப பாரு, வண்டி எப்பிடி ஏறுது. ஒரு நாளு நின்னுச்சா?"

அம்மா கையை முந்தானையில் துடைத்தாள்.

"ஆமாக்கா" என்றாள்.

ஜீப்பு போய்விட்டது. அம்மா வீட்டைப் பார்த்து நடந்தாள். என் கையில் இருந்த கிண்ணத்தில் இன்னும் நிறைய மஞ்சள் இருந்தது, அடுத்த வெள்ளிக்கிழமைக்குப் போதும் அளவு. சிந்தாமல் அதைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் போனேன்.